மழையும் வண்டியின் பின் கண்ணாடியும்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களிடம் அதன் பழுதுகளைப் பற்றிக் கேட்டால் எஞ்சின், பிரேக், பேட்டரி, டயர் என்று பலவற்றைச் சொல்லுவார்கள். பின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரை அவர்களில் எவரும் குறிப்பிடுவது அரிது. முன் வைப்பர் நின்றுவிட்டால் அன்றே பழுது பார்க்கிறோம். பின் வைப்பர் நின்றுவிட்டால், 'அதனால் என்ன, பக்கத்துக் கண்ணாடிகள் இருக்கின்றனவே' என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். நானும் அப்படி விட்டவன்தான். அந்த அலட்சியம் எனக்கு எதைக் கற்பித்தது என்பதையும், இப்பழுதை எந்த வரிசையில் ஆராய்ந்தால் காரணம் விளங்கும் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். நான் எந்திரக் கலை படித்தவன் அல்லன். பகல் முழுவதும் அரசாங்கக் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவது என் தொழில். ஆகவே, எனக்கு விளங்கியது எவருக்கும் விளங்கும் என்ற துணிவுடன் எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம். டில்லியில் பருவமழை தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. எங்கள் குடியிருப்பின் முற்றத்திலிருந்து என் வண்டியைப் பின்புறமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அது 2011-இல் வாங்கிய சிறு பெட்ரோல் கார். பின்புறம் கதவுபோல மேலே தூக்கித் திறக்கும் வகை. பின் வைப்பர் இரண்டு மாதமாக அசையவில்லை. கண்ணாடி முழுவதும் சேற்றுப் புள்ளிகளும் மழைத் துளிகளுமாக இருந்தது. பக்கக் கண்ணாடிகளில் எதுவும் தென்படவில்லை. மெல்ல நகர்த்தினேன். திடீரென்று காவலாளி, "ரோகோ! ரோகோ!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தார். இறங்கிப் பார்த்தால், கீழ்வீட்டுக் குழந்தை வண்டிக்கு இரண்டு முழம் பின்னால் குனிந்து, தேங்கிய நீரில் மிதந்த தன் செருப்பை எடுத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று அலுவலகத்தில் என் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்குப் பின் தயாரான கார்களில், பின்னால் தடை இருந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கு முந்திய வண்டிகள் பலவற்றில் அக்கருவி இல்லை. அவற்றை ஓட்டுகிறவருக்குப் பின்புறத்துக்குக் கண்ணாடிதான் கண். அக்கண்ணுக்கு இமை, பின் வைப்பர்.

எல்லா வண்டிகளுக்கும் பின் வைப்பர் இருப்பதில்லையே என்று சிலர் கேட்கலாம். டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்களில், காற்று கூரையின்மேல் ஓடி, சாய்ந்த பின் கண்ணாடியை ஏறக்குறைய ஒட்டியே வழிந்து செல்கிறது; மழைத் துளிகளையும் ஓரளவு தள்ளிக்கொண்டு போகிறது. பின்புறம் செங்குத்தாக வெட்டியதுபோல முடியும் வண்டிகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. காற்று கூரையின் விளிம்பிலேயே வண்டியை விட்டு விலகிவிடுகிறது. அதற்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. சக்கரங்கள் வாரியிறைக்கும் சேற்று நீரும் புழுதியும் அவ்விடத்தில் சுழன்று ஏறிக் கண்ணாடியில் படிகின்றன. மழை நின்ற பிறகும் ஈரச் சாலையில் ஐந்து கல் தொலைவு ஓட்டினால் முன் கண்ணாடி தெளிவாக இருக்க, பின் கண்ணாடி மட்டும் மங்கிவிடுவதற்கு இதுவே காரணம்.

இனி, வைப்பரின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். ஸ்டியரிங்கின் அருகில் உள்ள ஸ்விட்சைத் திருப்பினால் மின்சாரம் ஃப்யூஸ் வழியாக வந்து, கூரையின் உட்புறமாகப் பின்னோக்கிச் செல்கிறது. வண்டியின் உடலிலிருந்து பின் கதவுக்குத் தாண்டும் இடத்தில், கம்பிகள் யாவும் மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழலுக்குள் நுழைகின்றன. கதவின் உட்பக்கம், அட்டைப் பலகைக்குப் பின்னால், சிறிய மோட்டார் பொருத்தப்பட்டிருக்கிறது. மோட்டார் ஒரே திசையில் சுழல்வது. வைப்பர் கையோ இப்படியும் அப்படியும் அசைய வேண்டியது. இந்த மாற்றத்தை மோட்டாரோடு சேர்ந்த பற்சக்கரப் பெட்டி செய்கிறது. அப்பெட்டியிலிருந்து ஓர் எஃகுத் தண்டு கண்ணாடியையோ தகட்டையோ துளைத்து வெளியே வருகிறது. தண்டின் நுனியில் நுண்ணிய பற்கள் உண்டு. அவற்றின்மேல் வைப்பர் கையை வைத்து, ஒரு நட்டினால் முடுக்கி, அதன்மேல் ஒரு மூடியும் போட்டிருப்பார்கள். கையின் முனையில் ரப்பர் பட்டை. இவ்வளவே. பழுது இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில்தான் இருக்கவேண்டும்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். ஸ்விட்சைப் போட்டால் பின்னாலிருந்து ஏதாவது ஒலி கேட்கிறதா? முன் வைப்பர் வேலை செய்கிறதா? பின் கதவில் உள்ள மற்றவை, அதாவது நம்பர் பலகை விளக்கு, மேலுள்ள பிரேக் விளக்கு, கதவுப் பூட்டு ஆகியவை, ஒழுங்காக இருக்கின்றனவா? வைத்தியர் நாடி பார்க்குமுன் நோயாளியைக் கேட்பது போன்றவை இக்கேள்விகள். பழுதின் இருப்பிடத்தை இவையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில், ஒலி கேட்கிறது, கை அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் தாராளமாக ஓடும் ஒலியானால், தண்டின் நுனியில் உள்ள நட் தளர்ந்திருக்கும். அல்லது கையின் உட்பற்கள் தேய்ந்து வழுக்கும். மூடியைக் கழற்றி நட்டை முடுக்கினாலே பல வேளைகளில் சரியாகிவிடும். பற்கள் மழுங்கியிருந்தால் கையை மட்டும் மாற்றினால் போதும். அவ்வாறன்றி, முனகுவது போன்ற அடங்கிய ஒலி மட்டும் கேட்டால், மோட்டார் திரும்ப முயன்றும் முடியாமல் தவிக்கிறது என்று பொருள். உடனே ஸ்விட்சை நிறுத்திவிட வேண்டும். தடைபட்ட மோட்டாரில் மின்சாரம் வழக்கத்தைவிட மிகுதியாகப் பாயும். அது சூடேறிக் கருகிவிடக்கூடும். ரப்பர் காய்ந்த சேற்றினால் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். சிம்லா போன்ற மலையூர்களில் இருப்பவர்கள் பனிக்காலக் காலைகளில் இதை மறக்கலாகாது. உறைந்து ஒட்டிய ரப்பரை விடுவித்த பிறகே ஸ்விட்சைத் தொடவேண்டும்.

ரப்பர் ஒட்டாமலிருந்தும் மோட்டார் முனகினால், குற்றம் தண்டில் இருக்கிறது. நட்டின் மேலிருக்கும் மூடி தொலைந்துவிட்ட பழைய வண்டிகளில் இது மிகச் சாதாரணம். மழைநீர் தண்டின் ஓரமாக உள்ளே இறங்கி, எஃகுத் தண்டுக்கும் அதைத் தாங்கும் உலோகக் குழாய்க்கும் இடையே துருவையும் உப்புப் பூத்ததுபோன்ற அரிப்பையும் உண்டாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் அது இறுகித் தண்டை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்கிறது. சென்னை, பம்பாய் போன்ற கடற்கரை நகரங்களில் சில காலம் ஓடிய வண்டிகளில் இது இன்னும் விரைவில் நேரும். இதற்கு மோட்டாரைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஊறவிட்டு, தண்டை மெல்ல வெளியே எடுத்து, நைஸான உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி, புது ரப்பர் வளையத்துடன் திரும்பப் பூட்டவேண்டும். பொறுமையுள்ளவர்கள் ஒரு விடுமுறை நாளில் செய்யத்தக்க வேலையே இது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நட்டைக் கழற்றியதும் வைப்பர் கை எளிதில் வந்துவிடாது, பற்களோடு இறுகியிருக்கும். திருப்புளியைக் கண்ணாடியில் ஊன்றி நெம்புவது பெரும் பிழை. பின் கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடி. முன் கண்ணாடியைப் போல விரிசலோடு நிற்பதில்லை. ஓரிடத்தில் உடைந்தால் முழுவதும் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிவிடும். சிறு வைப்பருக்காகப் பெரிய கண்ணாடியை இழந்தவர்கள் உண்டு. பற்றி இழுக்கும் இரண்டு கால் கொண்ட சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதைக் கொண்டு கழற்றுவதே முறை.

இனி, ஒலியே இல்லாத நிலை. முதலில் ஃப்யூஸைப் பார்க்கவேண்டும். ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியுடன் வந்த கையேட்டிலோ எது எதற்கு உரியது என்ற அட்டவணை இருக்கும். வைப்பருக்குரியது பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். கருகியிருந்தால் அதே அளவுள்ள வேறொன்றைப் போடவேண்டும். பெரிய அளவுள்ளதைப் போடுவதும், ஈயத் தாளையோ கம்பியையோ சுற்றி ஒப்பேற்றுவதும் தீ விபத்தை வரவழைப்பதற்குச் சமம். புதிய ஃப்யூஸும் உடனே கருகினால், எங்கோ கம்பி தோலுரிந்து தகட்டைத் தொடுகிறது. அல்லது முன்பு சொன்னபடி தண்டு இறுகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃப்யூஸைப் போடக்கூடாது.

ஃப்யூஸ் நன்றாக இருந்தும் மோட்டார் மௌனமாக இருந்தால்தான் என் வண்டியின் கதை தொடங்குகிறது. அந்த மழை நாளுக்கு மறுநாளே ஒரு பட்டறைக்குப் போனேன். மிஸ்திரி ஸ்விட்சைப் போட்டார், காதைக் கொடுத்துக் கேட்டார், "பாபூஜி, மோட்டார் முடிந்துவிட்டது, 4,500 ரூபாய் ஆகும்" என்றார். ஒரு கம்பியையும் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. மாதக் கடைசி, யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். மாலையில், ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நம்பர் பலகை விளக்கு எரிகிறதா, பார்த்தீர்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன், எரியவில்லை. மேலே உள்ள பிரேக் விளக்கும் எரியவில்லை. "மூன்று பேருக்கு ஒரே நாளில் ஆயுள் முடியுமா? மூவருக்கும் பொதுவான வழி ஒன்று அறுந்திருக்கிறது. வாருங்கள், தேடுவோம்" என்றார்.

அவர் தேடிய முறையை அப்படியே சொல்கிறேன். 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு நீண்ட கம்பிகளை இணைத்து ஒரு சோதனை விளக்குச் செய்துகொண்டார். கதவின் உட்பலகையைக் கழற்றி, மோட்டாரின் பிளக்கை உருவினார். அதில் சாதாரணமாகக் குறைந்தது மூன்று கம்பிகள் இருக்கும்: ஸ்விட்சைப் போட்டால் உயிர் பெறுவது ஒன்று, வைப்பர் பாதி வழியில் நின்றுவிடாமல் தன் இருப்பிடத்துக்குத் திரும்புவதற்காக, சாவியைத் திருப்பியவுடனேயே மின்சாரம் பெறுவது ஒன்று, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் எர்த் கம்பி ஒன்று. ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சோதனை விளக்கை உயிர்க் கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் இடையே வைத்தார், எரியவில்லை. பிறகு ஒரு முனையை உயிர்க் கம்பியிலேயே வைத்து, மறு முனையை வண்டியின் உடலில், வர்ணம் இல்லாத ஒரு போல்ட்டில் தொட்டார். விளக்குப் பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. திரும்பும் வழிதான் இல்லை என்பது தெளிவாயிற்று. இரண்டாவது சோதனையிலும் விளக்கு எரியாமலிருந்தால், வரும் கம்பியிலோ ஸ்விட்சிலோ குற்றம் என்று கொள்ளவேண்டும். இரு சோதனைகளிலும் விளக்கு நன்றாக எரிந்தும் மோட்டார் ஓடாவிட்டால்தான் மோட்டாரைக் குறை சொல்ல நியாயம் உண்டு.

வோல்ட் அளக்கும் மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்ன விடை நினைவில் வைக்கத் தக்கது. கம்பியின் நூற்புரிகளில் ஒன்றே ஒன்று அறாமல் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். ஏனெனில் மீட்டர் மிக மிகச் சிறிதளவு மின்சாரத்தையே கேட்கிறது. பல்பு அதைவிட அதிகம் கேட்பது. வழி நலிந்திருந்தால் மங்கி எரிந்து உண்மையைக் காட்டிவிடும்.

அறுந்த இடத்தைக் காண அதிக நேரம் ஆகவில்லை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, கதவுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள ரப்பர் குழலைப் பின்னுக்குத் தள்ளினோம். உள்ளே கறுப்புக் கம்பி இரண்டாகப் போயிருந்தது. அருகிலிருந்த மற்றொரு கம்பியின் மேலுறை முழுதாக இருந்தும், இழுத்துப் பார்த்தால் ரப்பர் நாடாபோல நீண்டது. உள்ளே செம்பு அறுந்துவிட்டிருந்தது. செம்பை மடக்க மடக்க அது இறுகி, பிறகு ஒடியும். நாளொன்றுக்கு ஐந்து முறை கதவைத் திறந்தாலும், 13 ஆண்டுகளில் 23,000 தடவைக்கு மேல் அக்கம்பிகள் மடங்கி நிமிர்ந்திருக்கின்றன. கதவைத் தூக்கும்போது மட்டும் வைப்பர் ஓரிரு முறை துடித்ததாக முன்பு எனக்குத் தோன்றியதுண்டு. அதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

அறுந்த முனைகளை அப்படியே முறுக்கி நாடா சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. மடங்கும் பகுதி முழுவதையும் வெட்டி நீக்கி, பல புரிகள் கொண்ட நெகிழ்வான புதுக் கம்பியைச் சற்றுத் தாராளமான நீளத்தில் இணைக்கவேண்டும். ஈயம் வைத்த இணைப்புகள் மடங்கும் இடத்தில் வரலாகாது. குழலுக்கு இருபுறமும் அசையாத இடங்களில் அமையவேண்டும். எல்லா இணைப்புகளும் ஒரே இடத்தில் குவியாமல் முன்னும் பின்னுமாக இருப்பது நல்லது. ஒவ்வொன்றின்மேலும் சூட்டினால் சுருங்கும் உறை போடவேண்டும். கம்பிக்கும் உறைக்குமாக எனக்கு ஆன செலவு 100 ரூபாய்க்கும் குறைவு. இரண்டு விளக்கும் வைப்பரும் ஒன்றாக உயிர்பெற்றபோது பெரியவரின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி, பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியது போன்றது.

சிறு குறைகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வைப்பர் ஓடுகிறது, ஆனால் கண்ட இடத்தில் நிற்கிறது என்றால், இருப்பிடத்துக்குத் திருப்பும் கம்பியில் மின்சாரம் வராமலிருக்கலாம். அல்லது மோட்டாருக்குள் அதற்கென உள்ள தொடுதகடு அழுக்கேறியிருக்கலாம். இருப்பிடத்துக்கு ஒழுங்காகத் திரும்பியும் கோணலாக நின்றால், கையைத் தப்பான பல்லில் மாட்டியிருக்கிறார்கள். மோட்டாரை ஒரு முறை ஓடவிட்டு, அது தானே நின்ற பிறகு கையைச் சரியான கோணத்தில் மாட்டவேண்டும்.

ஓடியும் சுத்தமாகத் துடைக்காவிட்டால் குற்றம் ரப்பர் பட்டையில். நம் நாட்டில் பின் வைப்பரின் ரப்பர் தேய்ந்து கெடுவதைவிட வெயிலில் காய்ந்து கெடுவதே அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன், மாற்றிவிடுவது நலம். காய்ந்த புழுதியின்மேல் வைப்பரை ஓட்டவே கூடாது. மணல் துகள்கள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நீரைப் பீச்சி நனைத்துக்கொள்ளவேண்டும். பீச்சும் நீர் பின்னால் வராவிட்டால், துளையில் அடைப்பு இருக்கிறதா என்று மெல்லிய ஊசியால் பார்க்கலாம். அடைப்பு இல்லையேல், நீர்க்குழாயும் அதே ரப்பர் குழல் வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது என்பதை நினைவுகொள்ள வேண்டும். அங்கே குழாய் கழன்றிருந்தால் நீர் கதவுக்குள் இறங்கி, கம்பிகளையும் மோட்டாரையும் நனைத்துக்கொண்டிருக்கும். இதை ஒருநாளும் தள்ளிப்போடலாகாது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு தொல்லை உண்டு. வண்டியின் குறையை மிஸ்திரிக்குச் சொல்லச் சொற்கள் கிடைப்பதில்லை. 'வைப்பர் கராப்' என்று மட்டும் சொல்லி, அவர் தீர்ப்புக்குத் தலை வணங்கிவிடுகிறோம். வடநாட்டுப் பட்டறைகளில், பின் வைப்பரைப் 'பீச்சே வாலா வைப்பர்' என்பார்கள். கம்பி 'தார்', கண்ணாடி 'ஷீஷா', பின் கதவு நம்மூரைப் போலவே 'டிக்கி'. 'மோட்டார் மே கரண்ட் ஆ ரஹா ஹை க்யா?' என்று, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சோதித்துப் பார்க்காமல் மோட்டாரை மாற்றச் சொல்லுகிறவர் அதன் பிறகு சற்று யோசிப்பார். மாற்றித்தான் தீரவேண்டும் என்றால், பழைய மோட்டாரைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் கோபத்துக்கோ அவநம்பிக்கைக்கோ இடமில்லை. விவரம் தெரிந்து கேட்கிறவரை நல்ல தொழிலாளிகள் மதிக்கவே செய்கிறார்கள்.

வண்டியின் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி. நியூயார்க் நகரில் பனி பெய்யும் ஒரு நாளில், டிராம் ஓட்டுநர் முன்னே பார்க்க முடியாமல் படும் பாட்டைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். ஓட்டுகிறவருக்குப் பார்வை மறையக்கூடாது என்ற அந்த அக்கறை முன் கண்ணாடியோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த மழைக்கு முன், வண்டியை நிறுத்தி வைத்தபடியே, கண்ணாடியை நனைத்துப் பின் வைப்பரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நம்பர் பலகை விளக்கையும் அப்படியே பார்த்துவிடுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. எங்கள் கீழ்வீட்டுக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. காலையில் என் வண்டியைக் கண்டால் கையசைக்கிறது. பின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.